‘இக்னோர் பண்ணுங்க’ என்று எழுதிக்கொடுத்தால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது 2 மாதம். ஆட்டிசம் என்று உறுதியாகி, 5 மாதமாக ஏபிஏ தெரபிக்கு அழைத்துப் போகிறேன். போன வாரம் ஒரு பக்க அறிக்கை கொடுத்தார்கள். ‘டேபிள் டாஸ்க்கில் எஸ்கேப் பிஹேவியர் அதிகம். இன்டிபென்டென்ட் மேண்ட் 3. ப்ராம்ப்ட் டிபென்டன்ஸி இருக்கிறது. ஜெனரலைசேஷன் இல்லை. பெற்றோர் பிளான்டு இக்னோரிங் செய்ய வேண்டும்’ என்று இருக்கிறது. அர்த்தம் கேட்டால் ‘வீட்ல கன்சிஸ்டென்டா இருங்கம்மா’ என்கிறார்கள். போனுக்காக அழுதபோது சொன்னபடி கண்டுகொள்ளாமல் இருந்தேன். முக்கால் மணி நேரம் கத்தினான், தலையைச் சுவரில் முட்டினான். மாமியார் பொறுக்காமல் ஓடி வந்து போனைக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து எடுத்ததுமே முட்டுகிறான். நான்தான் கெடுத்துவிட்டேனா? இந்தச் சொற்களுக்கெல்லாம் என்னதான் அர்த்தம்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் கெடுக்கவில்லை. மருந்தின் பெயரை எழுதிவிட்டு எத்தனை மில்லி, எத்தனை வேளை என்று எழுதாமல் விட்ட சீட்டு மாதிரி இருக்கிறது அந்த அறிக்கை. ‘இக்னோர்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு, சுவரில் முட்டும் குழந்தையை யாராலும் சமாளிக்க முடியாது.

அறிக்கைக்குள் போகுமுன் ஒன்று. முட்டுவது புதிதாக வந்திருப்பதால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். காது வலி, சொத்தைப் பல், மலச்சிக்கல் எதுவானாலும் பேச்சு வராத குழந்தை அதை உடம்பால்தான் சொல்லும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் மலச்சிக்கல் மிகச் சகஜம். நாலு நாளாக வெளிக்குப் போகாத குழந்தையிடம் எந்தப் பயிற்சியும் எடுபடாது. பலமாக முட்டிய பிறகு வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, அது தெரபிஸ்டிடம் கேட்கிற விஷயமே இல்லை. நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி அறிக்கை. ஏபிஏ, அதாவது அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ், பார்ப்பது மூன்று விஷயங்களை. ஒரு செயலுக்குச் சற்று முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, செய்ததும் அதற்கு என்ன கிடைத்தது. முன்னால் நடந்ததை ஆன்டிசிடென்ட் என்பார்கள், செய்ததை பிஹேவியர், கிடைத்ததை கான்சிகுவென்ஸ். மூன்றின் முதலெழுத்தையும் சேர்த்து ‘ஏபிசி’. உங்கள் அறிக்கையில் வரும் எல்லாச் சொற்களும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைப் பற்றியவை. அதனால் முதலில் ஒரு நோட்டு வாங்கி, பக்கத்தை மூன்று கட்டமாகப் பிரித்து, ஒரு வாரம் எழுதுங்கள். நீங்கள் சொன்ன சம்பவத்தை எழுதினால் இப்படி வரும்:

மாலை 6.10. வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான், நான் போனை வாங்கி பீரோ மேல் வைத்தேன். – கத்தினான், தரையில் படுத்தான், பின்தலையைச் சுவரில் முட்டினான், 45 நிமிடம். – பாட்டி போனைக் கொடுத்தார், 10 விநாடியில் அழுகை நின்றது.

‘ரொம்ப அடம்’, ‘கோபம் வந்துவிட்டது’ என்று எழுதினால் அந்த நோட்டால் பயனில்லை. அடம் என்பது உங்களுக்கு ஒன்று, உங்கள் கணவருக்கு ஒன்று. ‘20 விநாடிக்கு மேல் கத்துவது’, ‘தலை சுவரில் படுவது’ என்று, பார்த்த இருவர் ஒரே எண்ணிக்கை சொல்லும்படி எழுத வேண்டும். திட்டம் எதையும் தொடங்காமல் முதல் 4, 5 நாள் எண்ணி வைப்பதற்கு பேஸ்லைன் என்று பெயர். அது இல்லாமல் ‘முன்னேற்றம் தெரிகிறது’ என்று யார் சொன்னாலும், எதிலிருந்து முன்னேற்றம் என்று கேளுங்கள்.

ஒரு வார நோட்டைப் படித்தால் கடைசிக் கட்டத்தில் ஒரே மாதிரி விஷயம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதுதான் ஃபங்க்ஷன், அந்தச் செயல் குழந்தைக்குச் செய்து கொடுக்கும் வேலை. பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: வேண்டிய பொருள் கிடைப்பது, ஆட்களின் கவனம் கிடைப்பது, பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிப்பது, அல்லது யார் தலையீடும் இல்லாமல் உடம்புக்கே அதில் ஒரு சுகமோ நிம்மதியோ கிடைப்பது. அறிக்கையில் உள்ள ‘எஸ்கேப்’ என்பது மூன்றாவது. மேஜையில் உட்கார வைத்துப் படங்களைப் பொருத்தச் சொன்னால் அழுகிறான், அழுதால் வேலை நின்றுவிடுகிறது.

அறிக்கையின் பெரிய ஓட்டை இங்கேதான். சென்டரில் அவன் அழுவது வேலையிலிருந்து தப்பிக்க. வீட்டில் அழுவது போனுக்காக. சத்தம் ஒன்று, அது அவனுக்குச் செய்து கொடுக்கும் வேலை இரண்டு. இரண்டுக்கும் சேர்த்து ‘பிளான்டு இக்னோரிங்’ என்று எழுதியிருக்கிறார்கள். கவனத்துக்காக அழும் குழந்தையிடம் மட்டும்தான் முகம் கொடுக்காமல் இருப்பது பொருந்தும். தப்பிக்க அழும் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டால், வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்க முடிகிறது. அவன் கேட்டதே அதுதான். ‘டைம் அவுட்’ என்று மூலையில் உட்கார வைப்பதும் அங்கே பரிசாகவே போய்ச் சேரும். போனுக்காக அழும்போதோ, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் அர்த்தமே இல்லை. போன் கிடைக்கிறதா இல்லையா என்பதுதான் அவனுக்குக் கணக்கு.

முன்பு பலன் தந்துகொண்டிருந்த ஒன்றுக்கு இனிமேல் அந்தப் பலன் வராமல் செய்வதை எக்ஸ்டிங்ஷன் என்பார்கள். பிளான்டு இக்னோரிங் அதில் ஒரு வகைதான். எக்ஸ்டிங்ஷன் தொடங்கியதும் அந்தச் செயல் குறைவதற்கு முன் சில நேரம் எகிறும். இதற்கு எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட் என்று பெயர். பழகிய வீட்டுக் கதவைத் தட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். திறக்கவில்லை என்றால் உடனே திரும்பிப் போவாரா? இன்னும் பலமாகத் தட்டுவார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார், ஜன்னலைத் தட்டுவார். அப்போது கதவு திறந்துவிட்டால், அடுத்த முறை வரும்போது நேராக ஜன்னலுக்கே போவார். உங்கள் மகன் ‘எடுத்ததுமே முட்டுகிறான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான். வெறும் அழுகைக்குக் கிடைக்காத போன், முட்டியதும் கிடைத்தது. பாட்டி இரக்கத்தில் செய்தது, முட்டுவதற்குச் சம்பளம் கொடுத்ததாக ஆகிவிட்டது. பத்து முறை மறுத்துப் பதினோராவது முறை கொடுப்பது இன்னும் மோசம். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபோது முயற்சி நீண்டுகொண்டே போகும்.

அதனால்தான், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் குழந்தையிடம் எக்ஸ்டிங்ஷனைத் தனியாக, வீட்டில், மேற்பார்வை இல்லாமல் செய்யச் சொல்லக் கூடாது. சொல்கிறவர், எகிறும் என்பதையும் அப்போது என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அழுகையை மூடினால் அதே பலனைத் தரும் இன்னொரு வழியைத் திறந்து வைப்பது. இதற்கு ஃபங்க்ஷனல் கம்யூனிகேஷன் டிரெயினிங் என்று பெயர். உளவியலாளர்கள் எட்வர்ட் கார், மார்க் டுரண்ட் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இது இந்தத் துறையின் அடிப்படைப் பாடமாகிவிட்டது. மேஜையில் தப்பிக்க அழுகிறவனுக்கு ‘போதும்’ என்று ஓர் அட்டை. எடுத்துக் கொடுத்தால் உடனே 1 நிமிட ஓய்வு. ஆரம்பத்தில் கேட்ட ஒவ்வொரு முறையும் தர வேண்டும். ‘இப்படிக் கொடுத்தால் எப்போதும் அட்டையையே நீட்டுவானே’ என்பார்கள். நீட்டட்டும். அழாமல் கேட்கத் தெரிந்த பிறகு, ‘இன்னும் 2 படம், அப்புறம் போதும்’ என்று மெல்ல நீட்டிக்கலாம். அந்த 2 படமும் 10 விநாடியில் முடிகிற வேலையாக இருக்க வேண்டும்.

உங்கள் போன் விவகாரத்துக்கு நான் சொல்லும் வழி இது. நாளெல்லாம் கேட்டபோதெல்லாம் கிடைக்கும் போனை, இரண்டு மூன்று நிச்சயமான நேரங்களுக்குக் கொண்டுவாருங்கள். மற்ற நேரத்தில் அவன் கண்ணில் படக் கூடாது. பெரியவர்களும் அவன் முன்னால் போனை நோண்டக் கூடாது. (இது குழந்தையை மாற்றுவதைவிடக் கடினம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.) போன் படத்தை ஓர் அட்டையில் ஒட்டி, நேரம் வரும்போது அதை எடுத்துக் கொடுத்து வாங்கப் பழக்குங்கள். முடிக்க வேண்டிய நேரம்தான் சிக்கல். ‘இன்னும் 2 நிமிஷம்’ என்று வாயால் சொன்னால் அவனுக்குப் புரியாது. மணல் கடிகாரமோ, சமையலறை டைமரோ, ‘இந்தப் பாட்டு முடிந்ததும்’ என்பதோ புரியும். போனை வாங்கும் கையில் வேறொன்று இருக்க வேண்டும், அதுவும் அவனுக்கு ஓரளவு பிடித்ததாக. போனிலிருந்து நேராகச் சாப்பாட்டுத் தட்டுக்கோ குளியலுக்கோ இழுத்துப் போனால் அழத்தான் செய்வான். ‘முதலில் இது, பிறகு அது’ என்று இரண்டு படம் ஒட்டிய அட்டை இந்த இடத்தில் நன்றாக உதவும். பிடித்த செயலைப் பிடிக்காத செயலுக்குப் பின்னால் வைத்தால் பிடிக்காததும் நடக்கும் என்று உளவியலாளர் டேவிட் பிரேமாக் 1959-இல் எழுதினார். ‘சோறு தின்னாத்தான் விளையாட்டு’ என்று நம் பாட்டிமார் சொல்வதும் அதுவே.

இவ்வளவுக்குப் பிறகும் முட்டினால்? பேசாமல், திட்டாமல், கெஞ்சாமல், சுவருக்கும் தலைக்கும் நடுவில் ஒரு தலையணையையோ உங்கள் உள்ளங்கையையோ வையுங்கள், அல்லது சுவரைவிட்டு நகர்த்திப் பாய்மேல் உட்கார வையுங்கள். பாதுகாப்பு எப்போதும் இக்னோருக்கு மேலே. போனைத் தர வேண்டாம். மூச்சு வாங்கி 5 விநாடி அமைதியானாலும் அந்த இடைவெளியைப் பிடித்து, தரக்கூடிய ஒன்றை (தண்ணீர், தூக்குவது) கேட்க உதவி, உடனே கொடுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன், சிலருக்கு இது விநோதமாகப் படும்: வீட்டில் விருந்தாளி, உங்களுக்குக் காய்ச்சல், இன்று தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்த நாளில், அவன் அழ ஆரம்பிக்கும் முன்பே நீங்களாகப் போனைக் கொடுத்துவிடுங்கள். அழுவதற்கு முன் கொடுத்தது அழுகைக்குச் சம்பளம் ஆகாது. உச்சத்தில் கொடுப்பதுதான் வினை.

ஆனால் எல்லா அழுகையும் இந்தக் கணக்கில் வராது. கல்யாண மண்டபத்தில் மைக்கும் மேளமும் கூட்டமுமாக இருக்கும்போதோ, மிக்ஸி ஓடும்போதோ காதைப் பொத்திக்கொண்டு அலறுவது மெல்ட்டவுன். அங்கே அவன் எதையும் வாங்கப் பார்க்கவில்லை, தாங்க முடியாமல் உடைகிறான். யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்க்க மாட்டான். கேட்டது கையில் வந்தாலும் அழுகை நிற்காது. அப்போது இக்னோர் என்ற பேச்சே கூடாது. சத்தமில்லாத இடத்துக்குத் தூக்கிப் போய், விளக்கைக் குறைத்து, பேச்சையும் குறைத்துக்கொண்டு கூடவே இருங்கள்.

அடுத்து, அறிக்கையில் நேரடியாக இல்லாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சொல், ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். ஒரு செயலுக்குப் பின் வந்த ஒன்றால் அந்தச் செயல் இனிமேல் கூடினால், வந்தது ரீஇன்ஃபோர்சர். கூடாவிட்டால் அது நீங்கள் கொடுத்த பரிசு, அவ்வளவுதான். ‘நல்ல பையன்’ என்று தட்டிக்கொடுப்பது சில பிள்ளைகளுக்குத் தொல்லையாகவே இருக்கும். எது அவனுக்குப் பிடிக்கும் என்பதைக் கேட்டு அறிய முடியாது. இரண்டிரண்டு பொருளாக முன்னால் வைத்து, எதை எடுக்கிறான் என்று 8, 10 முறை குறித்துப் பாருங்கள். அளவு சின்னதாக இருக்கட்டும்: நாலு பொரி, விரல்நுனி அளவு முறுக்குத் துண்டு, 30 விநாடி ஊஞ்சல். செய்த ஒன்றிரண்டு விநாடிக்குள் கிடைக்க வேண்டும். தாமதமானால், நடுவில் அவன் மூக்கைத் தேய்த்திருந்தால் அந்தத் தேய்ப்புக்குக் கொடுத்ததாகிவிடும். ‘இது லஞ்சம் இல்லையா’ என்று உங்கள் மாமனார் கேட்கக்கூடும். அழத் தொடங்கிய பிறகு ‘அழாதே, சாக்லேட் தர்றேன்’ என்பது லஞ்சம். முன்பே ‘இதைச் செய்தால் இது’ என்று வைத்துக்கொண்டு, செய்த பிறகு கொடுப்பது கூலி.

‘நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்’ என்று எங்காவது பார்த்தால் தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள். இதில் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு செயல் கூடுவதுதான் அது. அழுதால் மேஜை வேலை நிற்கிறது, அழுகை கூடுகிறது. பாட்டிக்கும் நடந்தது அதுவே: போனைக் கொடுத்தால் காதைக் குடையும் அலறல் நிற்கிறது, அதனால் அடுத்த முறையும் அவர் கை போனுக்குப் போகும்.

‘இன்டிபென்டென்ட் மேண்ட் 3.’ மேண்ட் என்றால் தனக்கு வேண்டியதைக் கேட்பது. உளவியலாளர் ஸ்கின்னர் 1957-இல் வெர்பல் பிஹேவியர் என்ற நூலில் வைத்த பெயர். ஒரே ‘தண்ணி’ என்ற சொல் நான்கு வேலை செய்யும். தாகம் எடுத்துச் சொன்னால் மேண்ட். குழாயில் ஒழுகுவதைப் பார்த்துச் சொன்னால் டாக்ட். நீங்கள் ‘தண்ணி’ என்றதும் திருப்பிச் சொன்னால் எக்கோயிக். ‘என்ன குடிப்பே?’ என்றதற்குப் பதிலாக வந்தால் இன்ட்ராவெர்பல். ஒன்றில் வந்த சொல் தானாக மற்றதில் வராது. ‘சொல்லச் சொன்னால் சொல்கிறான், தாகம் எடுத்தால் அழுகிறான்’ என்று பெற்றோர் குழம்புவது இதனால்தான். 3 என்றால், யாரும் ‘என்ன வேணும்?’ என்று கேட்காமல், காட்டிக்கொடுக்காமல், அவனாகக் கேட்கும் பொருள்கள் மூன்று என்று பொருள். அல்லது ஒரு செஷனில் மூன்று முறை கேட்டான் என்று பொருள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், எது என்று கேளுங்கள்.

கேட்பது வாயால்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சுட்டுவது, கை ஜாடை, படத்தை எடுத்துக் கொடுப்பது எல்லாம் மேண்ட்தான். படம் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம். படப் பரிமாற்றம் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

வீட்டில் செய்ய இதைவிட எளிதான பயிற்சி இல்லை. பொரி டப்பாவை மூடி இறுக்கி அவன் கண்ணெதிரே வையுங்கள். எடுப்பான், திறக்க முடியாது, உங்களைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்காக 5 விநாடி வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். இந்த 5 விநாடிதான் நம் வீடுகளில் யாருக்கும் வருவதில்லை. பார்த்ததும் ‘தா’ என்று ஒருமுறை சொல்லுங்கள். அவன் ‘த’ என்றாலும், கையை நீட்டினாலும், உடனே நாலு பொரி, திரும்பவும் மூடி. ஒரு டப்பாவில் 15 முறை கேட்க வாய்ப்பு இருக்கிறது. நாளாக ஆக, ‘த’வுக்குக் கொடுத்ததை ‘தா’வுக்கு மட்டும் கொடுப்பது ஷேப்பிங். இந்த நேரத்தில் ‘இது என்ன? என்ன கலர்? எத்தனை?’ என்று பரீட்சை வைக்காதீர்கள். அது டாக்ட். பசிக்கு வந்தவனிடம் பாடம் எடுத்தால் பொரியும் வேண்டாம் என்று போய்விடுவான்.

‘ப்ராம்ப்ட் டிபென்டன்ஸி.’ ப்ராம்ப்ட் என்றால் சரியாகச் செய்ய நாம் கொடுக்கும் உதவி. கையோடு கை பிடித்துச் செய்வது முழு உதவி. முழங்கையைத் தொட்டு விடுவது பாதி. செய்து காட்டுவது, விரலால் காட்டுவது, வாயால் சொல்வது என்று வகைகள் உண்டு. டிபென்டன்ஸி என்றால், உதவி வரும்வரை சும்மா நிற்கப் பழகிவிட்டான். சோம்பல் என்று நினைக்கிறோம். உண்மையில், உதவியை எப்போது விலக்குவது என்று திட்டம் போடாமல் கொடுத்துக்கொண்டே இருந்ததால் வந்தது. விலக்கவே கடினமானது வாய்ச் சொல். டவுசர் போடும்போது ‘காலை விடு, இழு, மேல இழு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அந்தக் குரலும் டவுசர் போடுவதில் ஒரு பகுதியாகிவிடும். குரல் இல்லாவிட்டால் கை நிற்கும்.

டவுசரையே எடுத்துக்கொள்வோம். வேலையைத் துண்டு துண்டாக எழுதுவது டாஸ்க் அனாலிசிஸ்: உட்கார், டவுசரைப் பிடி, வலது காலை விடு, இடது காலை விடு, முட்டிவரை இழு, எழுந்து நில், இடுப்புக்கு ஏற்று. ஏழு துண்டு. துண்டுகளைக் கோத்துக் கற்பிப்பது செயினிங். கடைசியிலிருந்து தொடங்கும் பேக்வர்ட் செயினிங் இந்த மாதிரி வேலைக்கு நல்லது. முதல் ஆறையும் நீங்கள் செய்யுங்கள். டவுசர் தொடையில் நிற்கும்போது, பின்னால் நின்று அவன் இரண்டு கட்டைவிரலையும் எலாஸ்டிக்குக்குள் விட்டு, உங்கள் கையால் அவன் கையை மூடி மேலே இழுங்கள். முன்னால் நின்றால் உங்கள் முகத்தைப் பார்ப்பான், டவுசரைப் பார்க்க மாட்டான். இரண்டு மூன்று நாள் கழித்துக் கையை மணிக்கட்டுக்கு நகர்த்துங்கள், பிறகு முழங்கைக்கு, பிறகு தொடாமல் 3 விநாடி காத்திருங்கள். ஏறியதும் ஊஞ்சல். கடைசித் துண்டு, தொடர்ந்து 3 நாள் உதவியில்லாமல் வந்த பிறகுதான் ஆறாவது துண்டு. மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் பின்பக்கம்: முன்புறம் மட்டும் இழுப்பான், பின்னால் பாதியில் நிற்கும். ஒரு கையை முதுகுப் பக்கம் வைக்கத் தனியாகப் பழக்க வேண்டும். ஓர் அளவு பெரிய, தளர்ந்த எலாஸ்டிக் டவுசரில் தொடங்கினால் பாதி வேலை குறையும்.

சென்டரில் மேஜையில் நடப்பது டிடிடி, டிஸ்கிரீட் டிரயல் டிரெயினிங். ஒரு சொல் (‘தட்டை எடு’), ஒரு பதில், ஒரு விளைவு, சில விநாடி இடைவெளி, மறுபடி. இந்த ஒரு சுற்றுதான் டிரயல். 10 டிரயலில் 8 சரி என்றால் 80 சதவீதம். சொல்வது ஒருமுறைதான், ‘எடு... எடு கண்ணு... எடுடா’ என்று போனால், மூன்றாவது தடவைதான் கணக்கு என்று குழந்தை கற்றுக்கொள்ளும். உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் நிலைக்கு வந்ததாகச் சொன்னார். ‘40 மணி நேரம் கட்டாயம்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். அந்த ஆய்வில் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதையும், அன்று கடும் அதட்டலும் தொடையில் அடிப்பதும் முறையின் பகுதியாக இருந்தன என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. இன்று அது ஏற்கப்படுவதில்லை. விளையாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே கற்பிக்கும் நேச்சுரல் முறைகளுக்குத்தான் 4 வயதுக் குழந்தையிடம் நான் முதலிடம் கொடுப்பேன்.

ஜெனரலைசேஷன் என்றால், ஓரிடத்தில் ஒருவரிடம் கற்றதை வேறு இடத்திலும் வேறு ஆளிடமும் செய்வது. ‘ஜெனரலைசேஷன் இல்லை’ என்பதைக் குழந்தையின் குறையாக எழுதியிருக்கிறார்கள். அது கற்பித்த விதத்தின் குறை. ஒரு மேஜை, ஓர் ஆள், ஒரே சிவப்புப் பந்து என்று கற்பித்தால், பந்து என்பது அந்த மேஜையில் அந்த அக்கா வைத்திருக்கும் சிவப்பு உருண்டை மட்டும்தான். தொடக்கத்திலிருந்தே இரண்டு மூன்று பேர், இரண்டு மூன்று இடம், வெவ்வேறு பந்து என்று கலந்து கற்பிக்க வேண்டும். நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்டரில் ‘சிட்’, ‘கிவ் மீ’, ‘வாட்டர்’. வீட்டில் ‘உக்காரு’, ‘குடு’, ‘தண்ணி’. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அவன் ‘வாட்டர்’ என்று கேட்கும்போது பாட்டிக்குப் புரியாவிட்டால், அந்த மேண்டுக்கு வீட்டில் பலன் இல்லை, மறைந்துபோகும். வீட்டுச் சொற்கள் 20-ஐ எழுதிக்கொடுத்து, அதே சொல்லில் சென்டரிலும் கற்பிக்கக் கேளுங்கள்.

அறிக்கையில் இனிமேல் வரக்கூடிய சொற்களில் இரண்டைப் பார்த்தால் உஷாராகுங்கள். ஒன்று ‘ஸ்டிம்மிங் குறைத்தல்’. கையை உதறுவதும் ஆடுவதும் யாரையும் காயப்படுத்தாதவரை அதை நிறுத்தத் தேவையில்லை. பல பிள்ளைகள் அதனால்தான் தங்களை நிதானப்படுத்திக்கொள்கிறார்கள். கையைப் பிடித்து அமுக்கி வைக்கிறார்கள் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சிறுவயதில் இந்தப் பயிற்சிக்குள் வளர்ந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் ஏபிஏ மீது வைக்கும் முக்கியக் குற்றச்சாட்டே, தங்களை மற்றவர்களைப் போல் தோன்ற வைக்கத்தான் பாடுபட்டார்கள் என்பது. இன்னொன்று ‘கம்ப்ளையன்ஸ் 90 சதவீதம்’, அதாவது சொன்னதைக் கேட்டு நடப்பது. யார் என்ன சொன்னாலும் கேட்கும் குழந்தை, தப்பான ஆள் சொன்னாலும் கேட்கும். ‘வேண்டாம்’ என்று சொல்வதும் ஒரு திறமைதான், அதுவும் இலக்குப் பட்டியலில் இருக்க வேண்டும்.

அடுத்த சந்திப்பில் இவற்றைக் கேளுங்கள்: போன் அழுகைக்கும் மேஜை அழுகைக்கும் ஃபங்க்ஷன் என்ன என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? பேஸ்லைன் எண் எவ்வளவு, இப்போது எவ்வளவு? அழுகைக்குப் பதிலாக எதைக் கற்பிக்கிறீர்கள்? ப்ராம்ப்ட்டை விலக்கும் வரிசை என்ன? முட்டினால் உங்கள் சென்டரில் என்ன செய்கிறீர்கள்? திட்டத்தை எழுதியவர் யார், அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா, தெரபிஸ்டை அவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரில் பார்க்கிறார்? கண்ணாடி வழியாகவோ கேமரா வழியாகவோ நீங்கள் பார்க்க அனுமதி உண்டா? கடைசிக் கேள்விக்கு ‘அம்மா இருந்தால் குழந்தை ஒத்துழைக்காது’ என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கத் தொடங்குங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஆரம்ப நிலைத் தலையீட்டு மையங்கள் உண்டு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனமும் இருக்கிறது.

போகும்போது ஒரு வார ஏபிசி நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மாமியாரையும் கூட்டிப் போங்கள். உங்களிடம் அவர் கேட்டுக்கொள்வதைவிட, தலைக்கும் சுவருக்கும் நடுவில் கையை எப்படி வைப்பது, மூடிய பொரி டப்பாவோடு 5 விநாடி எப்படிக் காத்திருப்பது என்று தெரபிஸ்ட் முன்னால் அவர் கையாலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடட்டும்.